சினிமாப் பெட்டி செய்த ஒரே நல்ல காரியம்

புகைப்படக் கலை செத்துவிட்டது என்று நான் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். சேலத்தில் காமிராப் பைத்தியங்கள் பத்துப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர்கள் குறை சொல்வதுதான் சபையின் நோக்கம். சாவி கொடுத்தால் ஓடி அசையும் படம் பிடிக்கும் சினிமாப் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்த கர்வத்தில், இனிமேல் அசையாத படம் எடுக்கிறவன் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு காசிக்குப் போகிறவன் என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. பாதிப் பேர் பேச்சு முடிந்ததே என்று தட்டினார்கள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அது யுத்த காலம். பிலிம் மண்ணெண்ணெயை விட அரிதாகிவிட்டிருந்தது. எப்படியோ தேடிப் பிடித்த ஒரு சுருளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, கொல்லிமலையில் சாமை அடிப்பதைப் படம் பிடித்து வந்து சபையாரின் வாயை அடைத்துவிடுவது என்று புறப்பட்டேன். காளப்பநாயக்கன்பட்டி வரையில் பஸ். அதற்கு மேல் கால். மலைமேல் திருப்புலி நாடு என்று சொல்லப்படும் ஊர்ப்பகுதியில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் மிளகோடு இறங்கி வரும்போது எங்கள் வீட்டில் தங்கிப் போகிறவர். அவர் வீட்டு வாசலை நான் அடைந்தபோது, மனிதனுக்கு முழங்கால் ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று தோன்றிவிட்டது. தோள்பையில் சினிமாப் பெட்டியோடு என் பழைய டப்பாக் காமிராவும் கிடந்தது. அதில் இன்னும் ஒரே ஒரு படம் எடுக்கலாம். செத்துப்போன கலையின் சாமானை ஏன் மலை மீது சுமந்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை களத்தில் இருபது பேர் தடியால் சாமைக் கதிரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அருமையான காட்சி. பெட்டிக்குச் சாவி கொடுத்து, கண்ணருகே வைத்து, விசையை அழுத்தினேன். கிர்ரென்று அது ஓடத் தொடங்கியதும் களம் உறைந்துபோயிற்று. ஓங்கிய தடிகள் ஓங்கியபடியே நின்றன. புடைத்துக்கொண்டிருந்த பெண் முறத்தை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள். ஒருவரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

ஆடுங்கள், அடியுங்கள், வேலையைப் பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். விவசாயி உதடு அசையாமல் பதில் சொன்னார்:

"எங்களச் சோதிக்காதீங்க சாமி. ஆடுனா மூஞ்சி போயிருமுங்க."

அதற்குக் காரணம் அவர் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குக் கீழேயிருந்து படம் பிடிப்பவர் ஒருவர் வந்தாராம். முக்காலியில் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நான் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது என்றாராம். கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் மட்டும் காதைச் சொறிவதற்காகத் தலையைத் திருப்பிவிட்டார். படத்தில் அவர் கழுத்துக்கு மேலே ஒரு மேகம் உட்கார்ந்திருக்கிறது. அன்று முதல், பெட்டியைக் கண்டால் கல்லாகிவிடுவது என்பது அந்த நாட்டுக்கே சட்டமாகிவிட்டது.

இது வேறு ஜாதிப் பெட்டி, இதன் முன்னால் ஆடத்தான் வேண்டும் என்று மூன்று முறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கிர்ர் சத்தம் கேட்டதும் மறுபடி கல்தூணானார்கள். சட்டம் தெரியாத ஓர் ஆடு மட்டும் நிதானமாக வந்து சாமைக் குவியலை மேய்ந்தது. அதை விரட்டவும் ஆளில்லை, விரட்டினால் அசைந்ததாகிவிடுமே. சுருள் முழுவதும் இப்படியே தீர்ந்தது.

பெட்டியை இறக்கியதும் விவசாயியின் மகள் என்னிடம் வந்தாள். முன் வரிசையில் எட்டு மாதக் குழந்தையோடு அவ்வளவு நேரமும் சிலையாக நின்றவள். குழந்தை பிறப்பதற்கு முன்பே புருஷன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். எங்கோ மணல்காட்டில் இருந்து கடிதம் போடுகிறான். கடைசிக் கடிதத்தில், தங்களை அங்கிருந்து வேறெங்கோ அனுப்பப் போகிறார்கள், அதற்குமுன் பையன் முகத்தை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தானாம்.

"இத எப்பங்க அவருக்கு அனுப்புவீங்க?" என்றாள்.

சுருளைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும், பிறகு ஓட்டுவதற்கு ஒரு இயந்திரம், கரண்டு, இருட்டறை, வெள்ளைத் துணி எல்லாம் வேண்டும் என்று உற்சாகமாக விவரித்தேன். முடியும் வரை கேட்டாள்.

"மணல்ல கரண்டு இருக்குமுங்களா?"

நான் பெட்டியின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சட்டப் பையில வெச்சுட்டு, தோணுறப்ப எடுத்துப் பாக்கற மாதிரி ஒண்ணு இல்லீங்களா?"

சேலத்தில் நான் அரை மணி நேரம் எழுப்பிய கோட்டை அந்த ஒரு கேள்வியில் சரிந்தது. டப்பாக் காமிராவை வெளியே எடுத்தேன்.

இருப்பது ஒரே ஒரு படம். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அந்த மங்கல் வெளிச்சத்தில், அசையாமல் இருப்பவர்களைத்தான் அந்த டப்பா தெளிவாகப் பிடிக்கும். ஊரே அதில் தேர்ச்சி பெற்றிருந்தது, ஓர் ஆளைத் தவிர. அந்த ஆளை அம்மா மடியில் உட்கார வைத்தால் துள்ளினான், பிடித்தால் நெளிந்தான். கைதட்டிப் பார்த்தோம், திரும்பிக்கொண்டான். நாக்கில் தேன் தடவினோம். இன்னும் கேட்டு எம்பினான். அவள் தன் அப்பனிடம், "மூஞ்சி போயிட்டா என்னங்க பண்றது?" என்று மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. புருஷன் மணல்காட்டில் உறையைப் பிரித்து ஒரு மேகத்தைப் பார்ப்பான்.

அப்போதுதான், என் வாழ்க்கையில் அதிகம் வராத ஒரு யோசனை வந்தது. காலிச் சினிமாப் பெட்டிக்கு முழுச் சாவி கொடுத்து விவசாயியின் கையில் திணித்தேன். என் தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, நான் தலையாட்டியதும் விசையை அழுத்தச் சொன்னேன். தலையாட்டினேன். கிர்ர்.

குழந்தை அப்படியே உறைந்துவிட்டது. ஒரு கை காற்றில், வாய் பாதி திறப்பில், கண்கள் இரண்டும் புது நாணயம் மாதிரி வட்டமாக. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு டப்பாவின் விசையைத் தட்டினேன்.

சேலம் திரும்பி, குளியலறைக் கதவிடுக்கில் கம்பளியை அடைத்துக்கொண்டு நானே கழுவினேன். தட்டில் அந்தக் கண்கள் மெல்ல எழுந்து வந்தன. இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். நான் போட்ட கூச்சலில் தேள் கொட்டிவிட்டது என்று என் மனைவி விளக்கெண்ணெயோடு ஓடி வந்தாள். ஒரு பிரதி பட்டாளத்து விலாசத்துக்குப் போயிற்று, ஒன்று மலைக்கு, ஒன்று எங்கள் சபைக்கு. சபையில் கையிலிருந்து கைக்கு அது சுற்றி வந்தது. ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. சபை வரலாற்றில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பம்பாயிலிருந்து வந்த சுருளையும் ஓட்டிக் காட்டினேன். இயந்திரம் சிக்கிக்கொண்டதா என்று ஒருவர் கேட்டார். ஆட்டைச் சுட்டிக் காட்டினேன்.

அன்றைக்கே எழுந்து நின்று என் பழைய பேச்சை வாபஸ் வாங்கினேன். ஓடும் படம் தன் அவசரத்துக்கு நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது; நாம் நின்று பார்க்க விரும்பிய முகம் அதற்குள் போய்விடுகிறது. அசையாத படமோ நமக்காகக் காத்திருக்கிறது. பட்டாளத்தில் காவல் முடிந்து வந்து உட்காருகிறவன் ஒரு நிமிஷம் பார்க்கலாம், ஒரு மணி நேரமும் பார்க்கலாம். விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டாம், யார் தயவும் வேண்டாம். இப்போது பேசியது இரண்டு நிமிஷந்தான். கைதட்டலும் உண்மையானது.

மாசியில் விவசாயி மிளகோடு இறங்கி வந்தார். மாப்பிள்ளையை வேறிடத்துக்கு அனுப்புவதற்கு நாலு நாள் முன்னதாகவே படம் கையில் கிடைத்துவிட்டதாம். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறானாம். நான் பூரித்துப் போனேன். படத்தைப் பற்றி மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன், ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

அவர் மிளகு மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பையன் நல்லாருக்கானாமுங்க. படம் புடிச்சவரு மூஞ்சி அத்தன பயங்கரமா இருக்குமான்னு கேட்டிருக்காப்லீங்க."