விடைக்குறிப்பில் இல்லாத மானாவாரி

மழையை மட்டும் நம்பிச் செய்யும் விவசாயம் எது? அரையாண்டுத் தேர்வில் கேட்டிருந்தோம்.

இரண்டு மாணவிகள் "மானாவாரி" என்று எழுதியிருந்தார்கள். ஏ பிரிவைத் திருத்திய நான் மார்க் போட்டேன். பி பிரிவைத் திருத்திய சக ஆசிரியர் அடித்துவிட்டார். அந்தப் பிள்ளை ஒரு மார்க்கில் பெயில். இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

ஏன் அடித்தீர்கள் என்று இன்று அந்த ஆசிரியரிடம் கேட்டேன்.

"ஆன்சர் கீயில 'வறண்ட நில வேளாண்மை'ன்னுதான டீச்சர் இருக்கு? மாத்திப் போட்டா ஹெச்எம்முக்கு யாரு பதில் சொல்லுவா?"

மாலையில் அவசரமாகப் பையை எடுத்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"கயத்தாறுக்கு. நம்ம மானாவாரி உளுந்து பூராம் கருகிட்டுன்னு சொல்லுதாவ. பாத்துட்டு வாரேன்."

கருகியது எந்த வகை விவசாயம்? ஒரு மார்க் கேள்வி. கமெண்டில் எழுதுங்கள். யார் திருத்துவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.