இரண்டு சட்டிக் குழம்பு

என்னிடம் முன்பு படித்த பெண் ஒருத்தி போன மாதம் புதுச்சேரி சாரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். அவளுடைய எட்டு வயது மகள் திடீரென்று கறி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். கவிச்சி இல்லாமல் வளர்கிற பிள்ளைக்கு என்னதான் கொடுப்பது என்று கேட்டு, பேனாவையும் காகிதத்தையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள். குழம்பு, வறுவல், வடை என்று ஏழு எழுதிக் கொடுத்தேன். டீச்சருக்குத் தெரியாத சமையலே இல்லை என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஏழும் என் அம்மா எனக்காகக் கண்டுபிடித்தவை. எனக்கும் அப்போது எட்டு வயது. அவற்றில் ஒன்றையாவது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்க வெகுநாள் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பா கட்டுமரத்தில் போவார், அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பாள். அந்த வருஷம் ஐப்பசியில் காற்று திரும்பிய ஒரு நாள், அப்பாவும் அவருடைய பெரியப்பா மகனும் போன மரம் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடலூருக்குத் தெற்கே கரையில் ஒதுங்கியவர் பெரியப்பா மகன் மட்டும்தான். முதல் அலைக்கு இரண்டு பேரும் மரத்தைப் பிடித்திருந்தோம், இரண்டாவது அலைக்குப் பிறகு நான் மட்டும்தான் பிடித்திருந்தேன் என்று சொன்னாராம். அதற்கப்புறம் அவர் என் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

உடல் கிடைக்காமல் போனவனுக்கு எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவன் வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்திவிடுவார்கள். கடல் எடுத்துக்கொண்டவனை மீன் தொட்டிருக்கும். அந்த மீனை அவன் வீட்டார் வாயில் வைக்கக் கூடாது. அடுப்பில் மீன் ஏறுவது நின்ற பிறகுதான் ஊர் அவனைச் செத்தவனாக எடுத்துக்கொள்ளும். பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழ வருவார்கள். பதினாறாம் நாள் தாலி இறங்கும். மீன் கொதிக்கிறவரை அவன் எங்கேயோ இருக்கிறான், வருவான்.

என் அம்மா மூன்றாம் நாளே மீன் குழம்பு வைத்தாள். மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், அப்பா இறந்துவிட்டதாக எழுதிக் கொடுக்கலாம் என்று உறவுக்காரர்கள் கூப்பிட்டதற்கும் போகவில்லை. கப்பல்காரர்கள் தூக்கிப் போயிருப்பார்கள், சைகோனில் இறக்கி விட்டிருப்பார்கள் என்றாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷமாகியும் எங்கள் ஊரில் தொலைந்தவர்கள் எல்லோரும், ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வேலைக்கு ஆள் கொண்டுபோன சைகோனில்தான் இருந்தார்கள்.

இந்த வழக்கம் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. என் காதில் விழாமல் அம்மா பார்த்துக்கொண்டாள். கார்த்திகை பிறந்ததும் நான் மீன் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அடித்தாள். அப்போதும் சொல்லவில்லை. பட்டினி போட்டாள். பழைய சோற்றுத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். பத்து நாளில் என் கை, கால் எல்லாம் குச்சியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா பயந்தாள். நான் செத்துப்போவேன் என்று ஒரு பயம். நான் மீன் தின்பதில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று இன்னொரு பயம். அந்த வீட்டுப் பிள்ளையே ஒதுக்கிவிட்டது என்றால், அப்பன் கதை முடிந்தது என்று அர்த்தமாகிவிடும். ஆக, நான் சாப்பிடும்போதெல்லாம் தட்டிக் கதவைச் சாத்தி வைத்தாள்.

மீன் இல்லாமல் சமைக்க அவளுக்குத் தெரியாது. இது ஏளனம் இல்லை, உண்மை. எங்கள் வீட்டில் கத்தரிக்காயும் மாங்காயும் மீனுக்குத் துணையாகத்தான் சட்டிக்குள் போகும், தனியாகப் போனதில்லை. முதல் நாள், மீன் குழம்பை அப்படியே, மீன் மட்டும் போடாமல், அதே சட்டியில் வைத்தாள். பத்து வருஷத்து மீன் ஊறிய மண்சட்டி அது. ஒரு வாய் வைத்ததும் வாந்தி எடுத்தேன். மறுநாள் குயவரிடம் போய்ப் புதுச் சட்டி வாங்கி வந்தாள்.

மார்க்கெட் வாசலில் உழவர்கரையிலிருந்து வந்து கீரை விற்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள், சைவம். அவளிடம் போய், வாடிக்கை வீட்டில் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி, வெளியே சொல்லக் கூடாத வியாதிக்கு மருந்து கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வாழைக்காயை வறுத்துக் கொடு, பிள்ளைகள் மீன் என்றே தின்னும் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். என் அம்மாவின் கைக்கு வேறு எப்படி நறுக்கத் தெரியும்? மீன் அரிகிற அரிவாள்மனையில் வைத்து, வஞ்சிரத் துண்டு போல வாழைக்காயைச் சாய்த்து நறுக்கி, பக்கத்தில் கீறல் போட்டு, மிளகாயும் மஞ்சளும் தடவிக் கல்லில் போட்டாள். பெருமையோடு தட்டில் வைத்தாள். நான் தட்டைப் பார்த்ததும் வெளியே ஓடிப்போய்ப் படகு மறைவில் உட்கார்ந்துகொண்டேன். தேடி வந்தவள் என்னைத் திட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் தேறினாள். பிடிவாதக்காரி. துவரம்பருப்பை ஊற வைத்து அரைத்து உருண்டை பிடித்துக் குழம்பில் போட்டாள். மொச்சையும் கத்தரிக்காயும், பலாக்கொட்டையும் முருங்கைக்காயும், வேர்க்கடலைத் துவையல், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, வேகவைத்துப் புளியும் மிளகும் போட்டு வதக்கிய சேனைக்கிழங்கு. வாழைப்பூவை ஆய்ந்து நரம்பெடுப்பதற்குள் பொறுமை இழந்து கெட்ட வார்த்தை சொல்வாள். ஆனால் அந்த வாழைப்பூ வடையைப் போல ஒன்றை நான் இன்றுவரை தின்றதில்லை. என் கன்னத்தில் சதை பிடித்தது. தை மாதத்தில் ஓடியாட ஆரம்பித்தேன்.

உப்பு, காரம் எல்லாம் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கரண்டியை என் வாயருகே நீட்டுவாளே தவிர, அவள் நாக்கில் வைக்க மாட்டாள். அதைச் சாப்பிட்டால் அப்பா இல்லை என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு ஒரு சட்டி, அவளுக்கு ஒரு சட்டி. என்னுடையது மூடியிருக்கும். அவளுடையது மூடாமல் கொதிக்கும், வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போக வேண்டுமே. பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்த மீனைக் கஷாயம் விழுங்குவது போல விழுங்குவாள்.

எனக்கு அந்தச் சட்டியைக் கண்டால் நடுக்கம். அது கொதிக்கும்போது சமையல் மூலையில் தனியாக நிற்க மாட்டேன். அதிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்வேன். அம்மா மீனை வாயில் வைக்கும்போது அப்பாவின் முகம் வரும், அவருக்கு வலிக்குமோ என்றிருக்கும். ஒரு பிள்ளைக்கு வரக் கூடாத நினைப்பு. வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் நன்றாகத் தேறிவிட்ட சந்தோஷத்தில், கோபம் எதுவும் இல்லாமல், மறுபடியும் கேட்டாள்.

"ஏன் கண்ணு மீன உட்ட? அம்மாகிட்ட சொல்லேன்."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை என்பதால் சொல்ல முடிந்தது.

"நீ மீனு வயித்தக் கிழிச்சி தேடினத பாத்தேம்மா."

சீப்பு நின்றுவிட்டது.

நான் அதைப் பார்த்தபோது அப்பா காணாமல் போய் ஒரு மாதம் இருக்கும். வீட்டின் பின்புறம் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறி, குடலை வெளியே எடுத்து, அதை எறியாமல் நகத்தால் பிளந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அடுத்த மீன். அடுத்ததிலும் அப்படியே. அப்பா இடுப்பில் ஒரு வெள்ளித் தாயத்துக் கட்டியிருப்பார். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு முன்னால் சைகோன் என்று சொல்லிக்கொண்டு, என் அம்மா தினமும் மீன் வயிற்றுக்குள் என் அப்பாவைத் தேடியிருக்கிறாள்.

அன்று அம்மா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தாள். ஒரு சட்டிதான். இரண்டு தட்டு வைத்து என்னோடு உட்கார்ந்து, பிசைந்து, முதல் வாயை வைத்து மென்றாள்.

"உப்பு கம்மி, நீ சொல்லவே இல்லயே," என்றாள்.

நான் சிரித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எப்படிச் சொல்வது! அந்த மீன் சட்டி ஒழிந்தது, இனி அம்மா என் பக்கம். மறுநாளும் ஒரே சட்டி. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் வெயில் சாய்ந்த நேரத்தில் பெண்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி முன்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருடைய தலையும் அவிழ்ந்திருந்தது. வாசலிலேயே மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்து, அம்மாவை நடுவில் வைத்து வட்டமாகச் சாய்ந்தார்கள். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அம்மா ஒருத்தியையும் தடுக்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தியின் புடவையைப் பிடித்து இழுத்து, யார் செத்தது என்று கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"உங்கப்பன்தான்டி. மூணு நாளா உங்க வூட்ல மீன் வாசமே இல்லயே, அப்பறம் இன்னா இருக்கு? நீ மீன் துன்றதில்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். கொழந்த உனக்கு மின்னயே தெரிஞ்சிருக்கு, அவளுக்குத்தான் தெரில."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா ஏன் கதவைச் சாத்தினாள், ஏன் மூடாமல் கொதிக்க வைத்தாள், எதை அப்படி விழுங்கினாள், எல்லாம். அப்பாவை அம்மா நாலு மாதம் உயிரோடு வைத்திருந்தாள். நான்தான் சாகடித்தேன்.

சித்தியின் கையிலிருந்து நழுவி அவள் வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஆள் இல்லை. அடுப்பின் மேல் மதியக் குழம்பு மீந்திருந்தது. சட்டிக்குள் கையை விட்டு, கிடைத்த துண்டுகளை எடுத்து, முள்ளோடு வாயில் திணித்துக்கொண்டேன். மெல்லவில்லை, விழுங்கினேன். வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு துண்டு விழுங்கினேன். வயிறு நிறைய வேண்டும் என்று நினைத்தேன்.

திரும்பி ஓடிவந்து பெண்களைத் தள்ளிக்கொண்டு நடுவில் புகுந்தேன். அம்மாவின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினேன், அவளுக்கு வாசம் தெரிய வேண்டும் என்று.

"நான் மீன் துன்ட்டேம்மா. தெனம் துன்றேன். இவங்கள போவச் சொல்லு."

அம்மா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். என் வாய்க்குள் விரலை விட்டு, அடித்தொண்டையில் குத்தி நின்ற முள்ளைத் தடவித் தடவித் தேடி வெளியே எடுத்தாள். கொஞ்சம் ரத்தம் வந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். பெண்கள் யாரும் போகவில்லை.