அறுப்புக்கு முன்னால் வெறும் தண்ணீர்

கஞ்சாச் செடியை அறுப்பதற்கு முன்னால் உரத்தை நிறுத்த வேண்டுமா, கூடாதா? என் தம்பிக்கும் என் கணவருக்கும் வந்த சண்டை இதைப் பற்றித்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு குடிவந்தோம். சுற்றிலும் பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. கணவருக்குத் தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. தாவரவியல் படித்தவர். வாசலில் ரோஜா வைத்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள். அதனால் தனக்குத் தெரியாத செடி எதுவும் இல்லை என்ற எண்ணம் அவருக்கு.

தம்பி பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் இருந்தான். ஈரத்தோல் கட்டைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அதோடு வேலை போயிற்று. எங்களிடம் வந்து தங்கினான். வலி தாங்காதபோது கஞ்சா பிடிப்பான். எனக்குத் தெரியும். எத்தனையோ மாத்திரை போட்டும் தூங்காதவன், அதைப் பிடித்துவிட்டுத் தூங்கினான். நான் தடுக்கவில்லை.

வாங்கி வந்த பொட்டலத்தில் கிடந்த விதைகளைப் பின்பக்கம் ஆமணக்குச் செடிகளுக்கு மறைவில் ஊன்றியிருந்தான். முழங்கால் உயரம் வந்தபோதுதான் கணவர் கண்ணில் பட்டது. முதலில் கத்தினார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, பிடித்தால் வருஷக்கணக்கில் உள்ளே போடுவான் என்றார். மறுநாள் காலையில் பார்த்தால், அவரே குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ரோஜாவை மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியோடு சேர்ந்து பிடிக்கவும் ஆரம்பித்தார். கடலைப் புண்ணாக்கை ஒரு டிரம்மில் ஊறப்போட்டுச் செடிகளுக்கு ஊற்றுவார். செடிகள் ஆளை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தன.

மொட்டுகள் பிசுபிசுவென்று திரண்டபோது தம்பி சொன்னான்: "போதும் மாமா. இனிமே வெறும் தண்ணி மட்டும் வுடலாம். உள்ள கீற உரத்த அதுவே தின்னுடும். இல்லாங்காட்டி பொகை தொண்டைய கிழிக்கும்."

"யார் சொன்னது?"

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொன்னா ஆச்சா? கடைசியிலதான்டா மொட்டு கனம் பிடிக்கும். மாசமா இருக்கறவளுக்கு ஒன்பதாம் மாசம் சோறு போடாம விடுவியா?"

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அது அவருக்கு நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் செடிகளைப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் ஓரம் இருந்தவை தம்பிக்கு, மற்றவை அவருக்கு. தம்பியின் செடிகளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. "பட்டினியில சாகுது பார்" என்று அவர் சிரிப்பார். "பிடிச்சிப் பார்த்துட்டு அப்பால பேசு மாமா" என்பான் இவன். ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தாலும் என்னிடம்தான் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் பேச மாட்டார்கள். ஜெயித்தே ஆக வேண்டும் என்று அவர் டிரம்மில் புண்ணாக்கை இரண்டு பங்காக்கினார். மீன் கழுவின தண்ணீரையும் அதிலேயே கொட்டினார்.

அந்த நாற்றத்தைச் சொல்லி முடியாது. சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. டிரம்மை மூடுங்கள் என்று கெஞ்சினேன். மூடினால் சத்து போய்விடும் என்றார். பக்கத்து மனையில் புதிதாகக் குடிவந்தவர், எங்கள் வீட்டுப் பக்கம் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஓர் ஆள் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனவர் செடிகளைப் பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை போலீஸ் ஜீப் வந்தது. கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். தம்பி கையில் தண்ணீர் வாளியோடு செடிகளுக்கு நடுவில் நின்றான்.

"யாரு போட்டது இது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கணவர் கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார். "எனக்கு எதுவும் தெரியாது சார். காலையில போனா ராத்திரிதான் வருவேன். இவன் என் மச்சான். வேலை இல்லாம இங்க இருக்கான்."

தம்பி வாளியைக் கீழே வைத்தான். "என்னுதுதான் சார். அவங்களுக்கு இன்னான்னே தெரியாது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய் சார். இவரும்தான் வளர்த்தார். அந்த டிரம்மைப் பாருங்க, அது இவரோடது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பியக் காப்பாத்தறதுக்காகப் புருஷனை மாட்டி விடறியாம்மா? அவனே ஒத்துக்கறான், உனக்கென்ன?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் திணித்தார்கள். தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவனுக்குத் தண்டனை ஆயிற்று. கணவர் ஒரு நாளும் கோர்ட் பக்கம் வரவில்லை. அவர் வீட்டார் என்னைப் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவள் என்றார்கள். பல வருஷம் என்னை எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை. அவர் அந்த இடத்தில் கத்தரி வைத்தார். நன்றாகக் காய்த்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்.

தம்பி வெளியே வந்தபோது தொண்ணூறுகள் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. முதுகு கூன் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோவளத்தில் மீன் ஏலம் போடும் இடத்தில் ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. பஸ் மாறி மாறி அவனைப் பார்க்கப் போனேன். இரண்டு பேரும் டீ குடித்தோம். அன்றைக்குப் போலீஸ்காரரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் உள்ள போய்ட்டா நீ எங்கக்கா போவே?" என்றான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அந்தாளு கூட எப்டிக்கா இருந்துகினு கீறே?" என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். கிளம்பும்போது ஒரு பை நிறைய சங்கரா மீன் கொடுத்தான். அன்று இரவு குழம்பு வைத்தேன். கணவர் ருசித்துச் சாப்பிட்டார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். பல்லாவரம் சந்தையில் என்றேன். இனிமேல் அங்கேயே வாங்கு என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு போடச் சொன்னார். போட்டேன்.