மூன்றாம் வகுப்புப் பக்கம்

"எது வரைக்கும் படிச்சீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பெயின்டருக்கு உடனே வேறு வேலை முளைத்துவிடும். ஏணியை நகர்த்துவார், டப்பாவைக் கலக்குவார், வராத தும்மலைக்கூட வரவழைத்துக்கொள்வார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்ததால் ஆறு என்று சொல்லிக்கொள்ளலாமே என்று மனைவி கிண்டல் செய்வாள். வீட்டுக்குள் அந்தக் கிண்டலுக்குச் சிரிப்பார். வெளியாள் கேட்டால் முகம் சுண்டிப்போகும்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிப் பாருங்கள், மனுஷர் சண்டைக்கே வந்துவிடுவார். அப்படியென்ன பெரிய பள்ளிக்கூடம்? மூட்டை அடுக்கிய பழைய கிடங்கு. தகரக் கூரை, நீளமான ஒரே அறை. சின்ன வகுப்புகள் வெளியே தாழ்வாரத்தில். அறையின் முன்பாதியில் நான்கும் ஐந்தும், பின்பாதியில் மூன்று. இரண்டு பாதிக்கும் ஒரே வாத்தியார். நடுவில் சுவர் எழுப்ப வழியில்லாமல், யாரோ தானமாகக் கொடுத்த பெரிய உலக வரைபடத் துணியைக் குறுக்கே தொங்கவிட்டு, துணி போதாத இடத்தில் சாக்கை வைத்துத் தைத்து, இரண்டு ஓரத்தையும் ஆணியடித்துவிட்டார்கள். படம் முன்பாதியைப் பார்த்திருந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கிடைத்தது துணியின் முதுகு.

முதுகென்றாலும் அதில் உலகம் இருந்தது. சாயம் ஊறிப் பின்னால் வந்திருந்தது. எழுத்தெல்லாம் மங்கிக் கலங்கிவிட்டாலும் கரைகளின் தடித்த கோடும் நிறங்களும் தெளிவாகத் தெரியும். வாத்தியார் அந்தப் பக்கம் நின்று குச்சியால் ஒரு நாட்டைத் தொட்டால் இந்தப் பக்கம் துணி சின்னதாகப் புடைக்கும். பெயின்டரின் வகுப்பு பூகோளம் படித்தது அந்தப் புடைப்பைப் பார்த்துத்தான். "ஆப்பிரிக்கா!" என்று அங்கே குரல் கேட்கும், இங்கே யானைக் காது மாதிரி ஒன்று அசையும். சரி, இதுதான் ஆப்பிரிக்கா என்று இவர்கள் மனதில் போட்டுக்கொள்வார்கள்.

வாத்தியார் அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் வாய்ப்பாடு ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் வகுப்பு கூத்தடிக்கிறது என்று அர்த்தம். அதற்கும் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான்கு பேர் முறை போட்டுத் தொண்டை கிழியக் கத்துவார்கள், மீதிப் பேர் தூங்குவார்கள். பெயின்டருக்கு இன்றுவரை வாய்ப்பாடு காதில் விழுந்தால் கொட்டாவி வருகிறது. மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ஒழுகல் வேறு. மூன்றாம் வகுப்புக்கு அன்றைக்கு விடுமுறை. மேகம் கறுத்தால் இன்றைக்கும் அவருக்குள் ஒரு துள்ளல் வரும். சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை அரித்தது. சாக்குக் கிழிசலில் கண்ணை வைத்தால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் தெரியுமே தவிர, படம் தெரியாது. ஒரு தடவை பிடிபட்டபோது வாத்தியார் காதைத் திருகிக்கொண்டே, "பாஸ் பண்ணிட்டு வாடா ராசா, நிதானமா உக்காந்து பாக்கலாம்" என்றார். முதல் வருஷம் பெயில். அடுத்த வருஷம் பாஸ். அந்த விடுமுறையில் அப்பா படுக்கையில் விழுந்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று மாமா வந்து பெயின்ட் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆக, பாஸாகியும் மனுஷர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்போது ஒரு புதிய பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பு அறைச் சுவரில் உலகப் படம் போடும் வேலை அவருக்கு வந்தது. படம் பிடித்திருந்தால்தான் மற்ற அறைகளும் அவர் கைக்கு வரும் என்று தலைமையாசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். பார்த்துப் போட ஒரு அச்சுப் படமும் நீட்டினார். பெயின்டர் வாங்கவில்லை. "வேணாம் மேடம், இது எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும்" என்றார். இரண்டு வருஷம் இமைக்காமல் பார்த்த படமல்லவா! டிவி செய்தியில் சுற்றும் உலகம் எப்போதாவது கண்ணில் பட்டால் எதுவோ பிசகாகத்தான் தோன்றும். டிவிக்காரர்கள் அவசரத்தில் எதையோ மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார்.

பெரிய படத்துக்கு அவர் எப்போதும் செய்வதுபோல, தாள்களை ஒட்டி அதில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை குத்தி, தாளைச் சுவரில் வைத்து நீலப் பொடி கட்டிய துணியால் ஒற்றினார். தாளை எடுத்தால் சுவரில் புள்ளிப் புள்ளியாகக் கரைகள். அதற்குமேல் வண்ணம் தீட்டி முடித்தபோது மதியமாகிவிட்டது. மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். அவளும் அதே கிடங்குப் பள்ளியில் படித்தவள்தான், ஐந்து வரைக்கும். தூக்கை மேசைமேல் வைத்தவள் சுவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, என்னமோ இடிக்குதே."

"என்ன இடிக்குது? நம்ம ஸ்கூல் படத்தை அச்சு அசலா இறக்கியிருக்கேன்."

"அமெரிக்கா எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஜன்னல் பக்கம்."

"ஆமா. ஆஸ்திரேலியா?"

"கதவுப் பக்கம். ரொட்டித் துண்டு மாதிரி, கீழ."

"அதுவும் சரிதான்." அவளுக்கே குழப்பமாகிவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். "வகுப்புல உக்காந்திருக்கும்போது, ஜன்னல் உங்களுக்கு எந்தக் கைப்பக்கம்?"

பெயின்டர் வலது கையைத் தூக்கினார். அவள் இடது கையைத் தூக்கினாள். சுவரைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தூக்கிய கையைக் கீழே விடாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அவர் பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷம்டி. மத்த பாடமெல்லாம் போச்சு, இது ஒண்ணாவது எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அதுவும் பின்பக்கம்" என்றார். வேலை போகுமே என்ற பயத்தைவிட, அந்த அறையைப் பற்றி ஆசை ஆசையாக நினைத்ததெல்லாம் பொய்த்துவிட்டதே என்ற துக்கம்தான் பெரிதாக இருந்தது. தன்மேலேயே கோபமாக வந்தது. அச்சுப் படம் வேண்டாம் என்று சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "சாயங்காலம் மேடம் வர்றதுக்குள்ள முடியுமா முடியாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"மறுபடி வரைஞ்சு, துளை குத்தி... எங்க முடியும்?"

"எதுக்கு வரையணும்? அந்தத் தாளையே திருப்பிப் பிடிங்களேன்."

பெயின்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்தார். சாப்பாட்டை மறந்தார்கள். சுவர் முழுவதும் வெள்ளையை உருட்டினார். காய்ந்ததும் தாளை ஆளுக்கொரு ஓரம் பிடித்து நடு அறையில் விரித்துத் தூக்கினார்கள். அவள் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். கிழிசல் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆப்பிரிக்காவுக்கு நடுவில் தாள் சின்னதாகப் புடைத்தது. அவள் விரல்.

"ஆப்பிரிக்கா" என்றார் அவர்.

"சத்தமா சொல்லு, கேக்கல!" என்று வாத்தியார் குரலில் அதட்டினாள். பெயின்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தலைமையாசிரியை வந்தபோது பாதி உலகம்தான் முடிந்திருந்தது. மீதிப் பாதியில் வெள்ளைக்கு அடியிலிருந்து பழைய அமெரிக்கா லேசாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மதியமே முடிஞ்சிடுச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரே?" என்றார் அவர்.

பெயின்டரின் கை தானாக ஏணிப் பக்கம் போனது. தும்மல்கூடத் தயாராக இருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் பிரஷ்ஷை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: கிடங்கை, துணியை, சாக்கை, புடைப்பை, ஜன்னலை. சொல்லச் சொல்லக் கூச்சம் போய், வாய்ப்பாட்டு முறை வந்தபோது நடித்தே காட்டிவிட்டார்.

தலைமையாசிரியை கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு வெள்ளைக்கு அடியில் தெரிந்த அந்த மங்கலான கரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு இதை முடிச்சிட்டு அடுத்த ரூமை ஆரம்பிச்சிடுங்க" என்றவர், கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த ஸ்கூல்ல எது வரைக்கும் படிச்சீங்க?"

பெயின்டர் ஏணியைத் தேடவில்லை. நாலாம் வகுப்பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எதிரே சுவரில், இடது கைப்பக்கம் அமெரிக்கா ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

"மூணு வரைக்கும், மேடம்" என்றார். "இன்னைக்குத்தான் நாலாவதுல சேர்ந்திருக்கேன்."