நாத்தனார் தலை

"இன்னைக்கு எதைத் தேய்ச்சுக் குளிக்கட்டும்? ஒட்டகமா, ஆந்தையா?" என்று குளியலறையிலிருந்து கத்தினான் கணவன்.

"ஒட்டகத்தைத் தொடாதீங்க! அதுக்கு இன்னும் கால் முடியலை!"

காலைப் பேருந்தை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் அம்மாளுக்கு அப்போது சோப்புக் கட்டியில் உருவம் செதுக்கும் மோகம்.

பணிமனையில் அவள் பெயர் 'ஆர்ட்டிஸ்ட் அக்கா'. யாரிடமும் போய்க் கற்றவள் இல்லை. கிழிந்த டயர் டியூபில் காக்கை கத்தரித்தாள். வேண்டாமென்று எறிந்த கம்பியை வளைத்துக் குதிரை செய்தாள். கண்ணாடியில் ஓவியம் தீட்டப் போய்ச் சாயமெல்லாம் வழிந்துவிட்டது. "எவ்வளவு அழகா அழுதிருக்கு பாருங்க!" என்று அதையும் ரசித்தாள். ஒன்று கைக்கு வசப்பட்டதும் கண் அடுத்ததன் மேல் போய்விடும். "தெரிஞ்சதையே செஞ்சா தூக்கம் வருது. தினமும் ஓட்டுற ரூட்டு ஒண்ணு போதாதா?" என்பாள்.

பிறகு களிமண் வந்தது. சாப்பாட்டு மேசை பறிபோனது. குடும்பம் தரைக்கு இறங்கியது. மேசைமேல் ஒரு தலை எழும்பியது. தூக்கிய புருவம். குறை சொல்லத் தயாராகக் குவிந்த உதடு. கணவன் ஓரடி பின்வாங்கினான்.

"ஐயையோ, இது எங்க அக்கால்ல! பார்த்தா தொலைஞ்சோம்!"

"நான் நினைச்சுச் செய்யலைங்க. கை அதுபாட்டுக்கு அங்க போயிடுச்சு."

களிமண் வருவதற்கு முன்பே அவள் கலைக்கு 'மண்ணாங்கட்டி வேலை' என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சொல்லி வந்தவர் அந்த அக்கா. ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கணவன் ஓடிப்போய் மண்தலைமேல் துண்டைப் போட்டான். அக்கா அதைப் பிடித்து இழுத்தார்.

இரண்டு முகங்களும் ஒரே மாதிரி புருவத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று முறைத்தன. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"மூக்கு என்னுதேதான்," என்றார் நாத்தனார் கடைசியில். குரல் கரகரத்தது. "என்னை யாரும் இவ்வளவு உத்துப் பார்த்ததில்லைடி."

தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மண்முகத்தில் மாட்டினார். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. "பார்த்தியா, ஒரு காது இறங்கிக் கிடக்கு!"

"அண்ணி, கொஞ்சம் ஆடாம நில்லுங்க," என்றாள் அவள். கிட்டே வந்து, களிமண் ஒட்டிய விரல்களால் நாத்தனாரின் அசல் காதைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்த்தாள்.