தேத்தண்ணீர் நிறத்தில் ஓர் ஆறு

ஆறு நீல நிறம் கிடையாது. இதைப் பத்து வயதில் சொன்னேன். ஐம்பதை நெருங்கும்போதும் சொல்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஏதாவது ஒரு பாலத்தில் நின்று கீழே பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசலாம்.

போன வாரம் அண்ணன் மகன் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். வெள்ளைக்காரர் ஒருவர் விளையாட்டு ரயிலுக்குப் பாலம் கட்டி, அதற்குக் கீழே இரண்டு புட்டிகளிலிருந்து எதையோ கலந்து ஊற்றுகிறார். அது கண்ணாடியைப் போல இறுகுகிறது. நீலமாக, அடிக்கூழாங்கல் தெரிய, அழகாக இருந்தது.

“நெசத் தண்ணி மாதிரியே இருக்குல்ல அத்தை?” என்றான்.

“தண்ணி மாதிரி இருக்கு. ஆறு மாதிரி இல்ல,” என்றேன்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கல்யாண வீடுகளில் என்னைக் கடைசி வரிசையில்தான் தேட வேண்டும். ஆனால் அன்று அவனைப் பிடித்து உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். அவன் பாவம், பாதியிலேயே கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குப் போர்ட் கிள்ளான் துறைமுக ரயில் நிலையத்தில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களோடுதான் தங்கியிருந்தார். ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கும் வேலை. பகல் முழுக்க நிஜ ரயிலோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மனிதர், மாலையில் பொம்மை ரயிலைப் பிரித்துப் போட்டு உட்காருவார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடமிருந்து அந்த ரயிலை வாங்கியிருந்தார். ஓர் எஞ்சின், நான்கு பெட்டிகள், வட்டமாகப் போட ஒரு பெட்டி நிறையத் தண்டவாளம்.

அந்த வட்டத்துக்கு ஓர் ஊரே வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டு பெரிய பலகைகளை ஒட்டி, எங்கள் வீட்டு முன் அறை முழுவதையும் அடைத்துவிட்டார். விருந்தாளி வந்தால் ரயில் நுழையும் பொம்மை மலைக்குகை ஓரமாக ஒடுங்கி நின்றுதான் பேச வேண்டும். அம்மா கெடு வைத்துவிட்டார்: “தம்பி, தீபாவளிக்குள்ள இது வெளிய போகணும். இல்லன்னா நானே கோடாலி எடுப்பேன்.”

அந்த நேரத்தில்தான் வட்டாரப் பொது மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு காலி அறை இருந்தது. கண்காட்சியைத் திறந்து வைக்க, டத்தோ என்று அரசுப் பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வருகிறார், அவர்தான் அதைச் செப்பனிடப் பணம் கொடுக்கிறார். யாருக்கு அந்த அறை என்பதையும் அவரே முடிவு செய்வார் என்றார்கள். ரயிலைப் பார்த்து அவர் தலையாட்டிவிட்டால் மாமாவின் ஊருக்கு நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் அம்மாவின் கோடாலி.

அண்ணனுக்கு வயது பதின்மூன்று. எஞ்சின், சுவிட்சு, குகை எல்லாம் அவன் கையில். நான் தொட்டால், “ஏய், ஷாக் அடிக்கும்!” என்று கத்துவான். ஒரு பாட்டரி ரயில் எவ்வளவு ஷாக் அடிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் பேசமாட்டேன், நின்றுகொண்டே இருப்பேன். நின்று நின்று மாமாவுக்கே பொறுக்காமல், ஒருநாள் ஒரு சிறிய நீலப் பெயிண்டு டின்னை என் கையில் கொடுத்தார். “பாலத்துக்குக் கீழ ஆறு இருக்குல்ல, அத நீ செய் பாப்பா. நீலம் அடிச்சா ஆச்சு.” யாருக்கும் வேண்டாத வேலை அது. ரயில் ஆற்றைக் கடக்க எடுத்துக்கொள்வது இரண்டு நொடி.

கூடவே ஓர் ஆங்கிலச் சஞ்சிகைப் படத்தையும் காட்டினார். நீல ஆறு, அதில் ஓர் அன்னப்பறவை. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தினமும் பள்ளிக்குப் போகும்போது பார்க்கிற ஆற்றில் அன்னம் இல்லை, பியாவாக்தான் இருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு உடும்பு ஒன்று, குப்பை சிக்கிய கரையில் வெயில் காயும்.

நீல டின்னை நான் திறக்கவே இல்லை.

முதலில் அகார் அகார் கடல்பாசியைக் காய்ச்சினேன். பால் ஊற்றாமல், குலா மலாக்கா கருப்பட்டி மட்டும் கரைத்து ஊற்றினேன். இறுகியதும் அப்படியே ஆறுதான். தட்டினால் ஆடியது கூட. மறுநாள் காலையில் அது கரையிலிருந்து சுருங்கி விலகிக் கிடந்தது. அதைவிட, குலா மலாக்காவின் வாசனைக்கு எறும்புகள் வந்துவிட்டன. அவை ஒழுங்காகத் தண்டவாளத்தின் மேலேயே வரிசை பிடித்துப் பாலத்தைக் கடந்து இறங்கின. “பரவாயில்ல, பயணிங்க வந்துட்டாங்க,” என்றார் அம்மா. அண்ணன் எனக்குச் ‘சாக்கடை ராணி’ என்று பெயர் வைத்தது அன்றுதான்.

இரண்டாவது முறை பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஆற்றுப்படுகை செய்தேன். நிறம்தான் வரவில்லை. வீட்டில் இருந்துகொண்டு எந்தப் பழுப்பைக் கலந்தாலும் பாலத்துக்குப் போய்ப் பார்த்தால் வேறாக இருந்தது. கடைசியில் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீரைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் பொட்டலம் கட்டி வாங்கி, ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டபடி பாலத்துக்குப் போனேன். பொட்டலத்தை ஆற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கொஞ்சம் வெளுப்பு. திரும்பக் கடைக்குப் போனேன்.

“பால் கொறச்சிப் போடுங்க அண்ணே.”

“யாருக்கு பாப்பா, அப்பாவுக்கா?”

“ஆத்துக்கு.”

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார். “ஆத்துக்குச் சீனி போதுமா லா, கேட்டுட்டு வா!”

மூன்றாவது பொட்டலம் பொருந்தியது. பாலத்தின் கைப்பிடியோடு அதைப் பிடித்துப் பார்த்தபோது எது பொட்டலம், எது ஆறு என்று தெரியவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அருகில் வைத்துக்கொண்டே பெயிண்டு கலந்தேன். ஆற்றின் நடுவில் கொஞ்சம் கறுப்பு, கரையோரம் வெளுப்பு. அதன் மேல் வார்னிஷ். அவசரப்பட்டு முதலில் கெட்டியாக ஊற்றிவிட்டேன். மேலே தோல் கட்டி, அடியில் காயாமல், ஒரு கொசு வேறு மாட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டு மறுபடியும் மெல்லிசாக ஒரு பூச்சு, ஒருநாள் காய விடுவது, மறுபடியும் ஒரு பூச்சு. ஏழு பூச்சு. கடைசிப் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது பழைய பல்துலக்கியால் தட்டித் தட்டி அலை எடுத்தேன். பாலத்தூணுக்கு முன்னால் தண்ணீர் முட்டி உயரும், பின்னால் வால் போல நீளும். அதையும் வைத்தேன். களிமண்ணில் ஒரு பியாவாக். கரையில் சிக்கிய பிளாஸ்டிக் பைக்கு, கிழித்த தேத்தண்ணீர்ப் பையிலிருந்தே ஒரு துணுக்கு.

மாமா வேலை முடிந்து வந்து பார்த்தார்.

“என்ன பாப்பா இது, சாக்கடையா?”

நான் பல்துலக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“டத்தோ வராரு. அழகா இருக்க வேணாமா? நீலம் அடி.”

நான் டின்னைத் தொடவில்லை. அவர் தானே டின்னைத் திறந்து, மளமளவென்று ஆற்றின் மேல் நீலத்தை அடித்துவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்கு ஓடினேன். மண்ணெண்ணெய் புட்டி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாது,” என்று சொல்லிக்கொண்டே அம்மா அதை அலமாரியிலிருந்து எடுத்து என் உயரத்துக்கு வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். பழைய துணியை நனைத்துத் துடைத்தேன். ஈரப் பெயிண்டு முழுதும் வந்துவிட்டது. அடியிலிருந்த வார்னிஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழு பூச்சு அல்லவா?

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் முன்னால் ஆறு பழையபடி பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அவர் அடித்தார், நான் துடைத்தேன். மூன்றாம் நாளும் அப்படியே. என் விரலிடுக்கெல்லாம் நீலம். பள்ளியில் ஆசிரியை என்ன நோயோ என்று பார்த்தார். நான்காம் நாள் மாமா டின்னோடு வந்து, ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டின்னை மூடிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். சாப்பிடும்போது அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சாப்பிட்டேன்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்தது. டத்தோ முதலில் மேடையில் பேசினார். ஆற்றைச் சுத்தப்படுத்தப் போகிறோம், இன்னும் கொஞ்ச வருடத்தில் நம் பிள்ளைகள் அதில் மீன் பிடிப்பார்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அவர் மேசை மேசையாக வந்தார். காகித விளக்குகளைப் பார்த்து, “யார் செஞ்சது?” என்றார். ஒரு பையன் கை தூக்கினான். அவனுக்கு ஒரு பேனா. துணிப் பொம்மைகளைப் பார்த்து, “யார் செஞ்சது?” ஒரு சிறுமிக்குப் பேனா. நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

எங்கள் பலகைக்கு வந்தார். அண்ணன் சுவிட்சைப் போட்டான். ரயில் குகையிலிருந்து வந்தது. டத்தோ சிரித்தார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரயில் பாலத்தில் ஏறியது. டத்தோவின் பார்வை ரயிலோடு போய், பாலத்துக்குக் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

“இது என்ன?”

“ஆறு, டத்தோ,” என்றார் மாமா.

அவர் குனிந்து பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். பியாவாக்கைப் பார்த்தார். பின்னால் வந்த மண்டபத்துக்காரர்களில் ஒருவர் இருமினார். டத்தோ நிமிர்ந்தார்.

“யார் செஞ்சது இத?”

ரயில் அரை வட்டம் போனது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, “நான்தான் டத்தோ,” என்றார்.

வகுப்பில் வருகைப் பதிவின்போது நான் சொல்லும் ‘உள்ளேன்’ கேட்காமல், வராதவள் என்று குறித்துவிடுவார்கள். அந்தக் குரல் அன்று மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கேட்டது.

“பொய்! நான் செஞ்சேன்! மாமா நீலம் அடிச்சாரு, நான்தான் அழிச்சேன்!”

மண்டபமே திரும்பியது. மாமாவின் பிடி இறுகியது. கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தேன்.

“ஏம்மா, நம்ம ஆறு இப்படியா இருக்கு?” என்றார் டத்தோ.

“பாலத்துல நின்னு பாருங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். டத்தோவும் சிரித்தார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு, வேகமாக அடுத்த மேசைக்குப் போனார். அங்கே கேரம் பலகை செய்து வைத்திருந்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் பேனா கிடைத்தது. கொஞ்ச நாளில் பின்னறையும் அவர்களுக்கே கிடைத்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் மாமா தானே ரம்பம் எடுத்துப் பலகையை அறுத்தார். அம்மா கோடாலியைத் தேடவே இல்லை.

ஆற்றை நீலமாக விட்டிருந்தால் அறை கிடைத்திருக்குமா? தெரியாது. கிடைத்திருக்கலாம். அப்படிக் கிடைத்திருந்தாலும் அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடியிருப்பது எங்கள் ஆறு இல்லை. இதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. சுத்தப்படுத்தப் போகிறார்கள் என்று இப்போதும் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து நான் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அன்று மதியம் நடந்ததையும் எழுதிவிட வேண்டும். கண்காட்சி முடிந்து பலகைகளை வீட்டுக்குத் தூக்கிப் போகிற நேரம். அண்ணன் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். ஆறு இருக்கிற இடத்தில் பிளாஸ்டர் கனம். தப்பாகப் பிடித்தால் விரிசல் விட்டுவிடும். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமா குனிந்தவர் அப்படியே நின்று, அதுவரை எதையும் என்னிடம் கேட்டறியாதவர், கேட்டார்:

“எந்தப் பக்கம் புடிச்சா ஒடையாது பாப்பா?”

“நீங்கதானே செஞ்சீங்க? உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறந்த பதில் அதுதான் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆற்றைத் தன்னுடையது என்று சொல்லி ஒரு பேனாவைத் தட்டிப் பறிக்கப் பார்த்தார் மாமா, நான் விடவில்லை என்பது மட்டுமே அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. ‘யார் செஞ்சது’ என்ற கேள்வியைப் பரிசு கொடுப்பதற்கு மட்டும் கேட்கமாட்டார்கள் என்பது தெரியவில்லை.