மேக்குக்குள் வந்த மயில் லேபிள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் பூச்சட்டி மத்தாப்புப் பெட்டிக்கு மயில் லேபிள் அடித்தோம். அந்த மயிலை என் வீட்டுக்காரர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் வரைந்தார். அவரும் போய்விட்டார், கம்ப்யூட்டரும் போய்விட்டது. வரைந்த ஃபைல் மட்டும் இருக்கிறது.

இந்த சீசனுக்குப் பழைய மயிலே வேண்டும் என்று பட்டாசுக் கம்பெனியில் கேட்டார்கள். இப்போது அச்சகத்தைப் பார்க்கும் பேத்தியிடம் இருப்பது ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்; விண்டோஸில் வரைந்த ஃபைல் அதில் திறக்காதாம். அதற்குள் விண்டோஸை ஓட்ட இரண்டு மென்பொருள் உண்டாம். ஒன்று இலவசம். மற்றதற்குக் காசு கேட்பார்கள், ஆனால் சில நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாமாம்.

"எத எடுக்க ஆச்சி?" என்றாள்.

"மொதத் தாளப் பாக்காம யாராச்சும் மெசின ஓட விடுவாகளா? ரெண்டுலயும் நம்ம மயிலப் போட்டுப் பாரு."

இலவசத்தில் பாதித் தோகை வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மற்றதில் முழு மயிலும் வந்தது. கழுத்து வெளுத்திருக்கிறது என்று அன்றைக்கு நான் சண்டை போட்டு, அவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிய அதே நீலம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதையே வாங்கச் சொன்னேன்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது பேத்திதான். எங்கே, மொதல்ல இருந்து வாசி தாயி, கேப்போம்.